குரல் ஒருவருடையது, முகம் இன்னொருவருடையது

1989 ஆம் ஆண்டு பிரித்தானியாவில் ஆறு வாரங்கள் முதலிடத்தில் நின்ற 'றைட் ஒன் டைம்' பாடலை வாசகர்களிற் சிலர் மறந்திருக்கமாட்டார்கள். இத்தாலியத் தயாரிப்பாளர்களின் 'பிளாக் பொக்ஸ்' குழு வெளியிட்ட அப்பாடலின் ஒளிப்படக் காட்சியில் வாயசைத்தவர் ஒரு விளம்பர அழகி. குரலோ லோலீற்றா ஹொலோவேயுடையது.

1946 இல் பிறந்த சிக்காகோப் பாடகி அவர். அல்பேட்டினா வோக்கரின் 'கரவான்ஸ்' கொஸ்பெல் குழுவிற் பாடியவர். பின்னர் சோல் இசைக்கும் டிஸ்கோவுக்கும் வந்தபோதும் அந்தத் தேவாலயக் குரலை அவர் கைவிடவில்லை. அடிவயிற்றிலிருந்து எழுந்துவரும் முழக்கம் அது. டான் ஹாட்மன் எழுதித் தயாரித்த 'லவ் சென்சேஷன்' (1980) பாடலிலிருந்து அம்முழக்கத்தைத்தான் வெட்டி ஒட்டினார்கள், அவர் பெயரைக்கூடக் குறிப்பிடாமல். சட்ட நடவடிக்கைக்குப் பின்னரே இழப்பீடு கிடைத்தது.

வெட்டி ஒட்டுவது புதிய கலை என்பர். இருக்கட்டும், அதனை நான் குறைகூறவில்லை. பாடியவரை மறைத்து, அவருடைய இடத்தில் மெல்லிய உடலொன்றை நிறுத்தியது எந்தக் கலை? 1991 இல் 'மார்க்கி மார்க்' குழுவினர் அதே பாடலின் குரலை எடுத்து, லோலீற்றாவின் பெயரையும் சேர்த்தே 'குட் வைப்றேஷன்ஸ்' பாடலை வெளியிட்டனர். அமெரிக்காவில் அதுவும் முதலிடம் பெற்றது. பெயரைப் போட்டதால் யாருக்கும் ஒரு சதமும் நட்டப்பட்டதாகத் தெரியவில்லை.