தலைக்கணக்கு இருக்கிறது, பெயர்கள் எங்கே?



1871ஆம் ஆண்டில் ஆங்கில அரசினர் சென்னை மாகாணம் முழுவதிலும் எடுத்த குடிமதிப்பில், நம் தஞ்சை மாவட்டத்து மக்கள் 19 இலக்கத்து 73 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் என எண்ணப்பட்டனர். சேலம் மாவட்டத்தாரும் ஏறத்தாழ அத்தொகையினரே. மீண்டும் 1881இல் எண்ணியபோது, தஞ்சை 21 இலக்கத்து 30 ஆயிரமாக உயர்ந்திருந்தது. சேலமோ 16 இலக்கமாகச் சரிந்து கிடந்தது. இடையில் வந்து போனது 1876 முதல் 1878 வரை தென்னாட்டைத் தீய்த்த தாது ஆண்டுப் பெரும்பஞ்சம். காவிரி பாய்ந்த மண் தன் மக்களைக் காத்தது; வானம் பார்த்த மண்ணால் அது இயலவில்லை.

காவிரியின் பெருமையை இவ்வளவில் பேசி நிறுத்திக் கொள்வோர் உளர். அடுத்த ஏடுகளையும் அவர்கள் புரட்டிப் பார்க்கட்டும். 1891இல் தஞ்சை மக்கள் 22 இலக்கத்து 28 ஆயிரம். 1901இல் 22 இலக்கத்து 45 ஆயிரம். பத்தாண்டில் கூடியது பதினேழாயிரமே! அதே பத்தாண்டில் மாகாணம் முழுமையும் நூற்றுக்கு ஏழு அளவில் வளர்ந்திருக்கிறது. வயல் விளைந்தது, நெல் குவிந்தது, மக்கள் மட்டும் எங்கே போயினர்?

நாகைத் துறைமுகத்தைக் கேளுங்கள், சொல்லும். பினாங்குக்கும் பருமாவுக்கும் கப்பலேறியவர்கள் அவர்கள். நெல்லுக்குப் பஞ்சமில்லை; உழுதவன் கைக்கு வந்த பங்குக்குத்தான் பஞ்சம். ஒரு காணி நிலமும் தனக்கென இல்லாத பண்ணையாளுக்கு, கடலுக்கப்பால் கங்காணி காட்டிய கூலியே வாழ்வாகத் தோன்றிற்று. ஆடவர் போயினர், அக்காலத் தஞ்சைக் கணக்கில் பெண்டிர் தொகை ஆடவர் தொகையை விஞ்சி நிற்பதன் பொருளும் அதுவே.

1871ஆம் ஆண்டுக் கணக்கைத் தொகுத்த கார்னிசு என்னும் வெள்ளை அலுவலர் இன்னொன்றும் எழுதிவைத்தார்: சாதிகளின் தோற்றத்தை ஆராய்வோர் வடநூல்களை நம்புதற்கில்லை, நால்வகை வருணமாக மக்கள் வாழ்ந்த காலம் ஒன்று இருந்ததா என்பதே பெரிதும் ஐயத்திற்குரியது என்று. அவ்வாறு எழுதிய அரசே பின்னர் எண்ணுந்தோறும் மக்களைச் சாதி சாதியாகப் பிரித்து அடுக்கியது என்பது வேறு கதை.

இத்தனை தொகைகளும் நம்மிடம் உள. ஆனால் 1871இல் திருப்பனந்தாளில் வாழ்ந்த உழவன் ஒருவனின் பெயரை இக்கணக்கில் தேடினால் கிடைக்குமா? கிடைக்காது. வீடு வீடாகச் சென்று எழுதிய தாள்களைக் கூட்டி முடித்தபின் அரசு பேணி வைக்கவில்லை. எஞ்சியவை கூட்டுத்தொகைகளே.

அமெரிக்காவைப் பாருங்கள். 1790இல் அந்நாடு எடுத்த முதற் கணக்கில் மக்கள் 39 இலக்கம். அவர்களுள் ஏறத்தாழ 7 இலக்கம் பேர் அடிமைகள். குடும்பத் தலைவர்க்குப் பெயர் உண்டு. அடிமைக்கு எண் மட்டுமே. ஆட்சி மன்ற இடங்களைப் பங்கிடும்போது ஐந்து அடிமைகளை மூவராகக் கணக்கிட்ட கொடுமையும் அங்கே நடந்தது. எனினும் அடிமைத்தளை அறுந்தபின் 1870இல் எடுத்த கணக்கில் அம்மக்கள் அனைவரும் பெயருடன் எழுதப்பட்டனர். அவ்வேடுகள் இன்றும் உள. கறுப்பின மக்களின் வழித்தோன்றல்கள் தம் முன்னோர் பெயரை அங்கே விரல் வைத்துக் காட்டுகின்றனர். அதற்கு அடுத்த ஆண்டில் எண்ணப்பட்ட நம் முன்னோருக்கு அந்தப் பேறும் இல்லை.

பெயரற்றவன்மேல் எவனும் எப்பெயரையும் ஒட்டலாம். தமிழ் மாவட்டங்களிலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்றவர்களை, 1911ஆம் ஆண்டு இலங்கைக் குடிமதிப்பு ‘இந்தியத் தமிழர்’ எனத் தனிக்கட்டத்தில் அடைத்தது. ஈரினத்தாரும் தனித்தனியே ஐந்தேகால் இலக்கத்தை ஒட்டியிருந்தனர். வெறுங்கட்டந்தானே என்று அன்று கருதியிருப்பர். 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்தபோது அக்கட்டமே வேலியாயிற்று. 1964இல் சாத்திரியும் சிறிமாவும் கையெழுத்திட்டு, ஐந்தேகால் இலக்கம் பேர் உங்களுக்கு, மூன்று இலக்கம் பேர் எங்களுக்கு என்று, ஆட்டுமந்தையைப் பங்கிடுவது போல் பங்கிட்டனர். அங்கே இந்தியத் தமிழர் எனப்பட்டவர் நீலமலைக்கு வந்தபின் ‘சிலோன்காரர்’ எனப்பட்டனர். தமிழர் என்று மட்டும் சொல்ல இரு நாட்டார்க்கும் நா எழவில்லை.

2027ஆம் ஆண்டு மார்ச்சு முதல் நாளைக் கணக்கு நாளாகக் கொண்டு அடுத்த குடிமதிப்பு எடுக்கப்படும் என நடுவணரசு 2025இல் அறிவித்தது. அவர்கள் நம்மை எண்ணட்டும். போனவர்களை நாம் எண்ணுவோம். திருப்பனந்தாள் காசித் திருமடம் தமிழ் நூல்களைப் பதிப்பித்துக் காத்தது. அதைச் சுற்றியுள்ள சேரிகளிலிருந்து கடல் கடந்தவர்களின் பெயர்களை எவரும் காக்கவில்லை. உங்கள் ஊரில் பினாங்கு முத்திரையுடன் வந்த பழைய மடல்கள் பரணில் கிடக்கும்; பணம் வந்த சீட்டுகள் கிடக்கும்; எண்பது கடந்த மூதாட்டியர் நினைவில் பெயர்கள் கிடக்கும். பெயர், தந்தை பெயர், தெரு, போன ஆண்டு, போன இடம் ஆகிய ஐந்தையும் தாளில் எழுதி இவ்விதழுக்கு விடுங்கள். சேரித்தெருக்களிலிருந்து தொடங்குங்கள்.