சாதி கேட்டு நாற்காலி விற்பவர்கள்

சென்னையில் வாடகை வீடு கிடைத்ததும் இணைய விளம்பரங்களில் பழைய கட்டில், மேசை, நாற்காலி தேடினோம். ஒருவர் விலை சொல்லுமுன்பே, "சொந்த ஊர் எது? ஊரா, காலனியா?" என்றார். போனை வைத்துவிட்டு வேறொருவரிடம் வாங்கினோம்.

நாற்காலி நமக்கு வெறும் மரச்சாமான் அல்ல. 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில், மக்கள் தேர்ந்தெடுத்த தலித் ஊராட்சித் தலைவரையே கூட்டத்தில் தரையில் உட்கார வைத்தார்கள். தீண்டாமையை ஒழித்த அரசமைப்புச் சட்டத்தின் 17ஆவது பிரிவு அப்போதும் நடப்பில்தான் இருந்தது.

அறை எடுக்கும் தோழர்களே, பழையதை வாங்குவதில் வெட்கம் வேண்டாம். ஆனால் சாதியை விசாரிப்பவரிடம் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள். நான்கு நாற்காலி கூடுதலாகவே போடுங்கள். நம் வீட்டுக்கு வரும் எவரும் தரையில் தனியாக உட்காரக் கூடாது.