கடல் கரைப்பதும் கரைக்காததும்

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டை வட்டாரத்துச் சமையலறைகளுக்கு மீன் வருவது விழிஞ்ஞம், பூந்துறை, வலியதுறைக் கரைகளிலிருந்து. கூடங்குளம் அணுமின் நிலையம் கிழக்கேகோட்டையிலிருந்து நேர்கோட்டில் சுமார் 90 கி.மீ. இடையில் மாநில எல்லை உண்டு. கடலுக்கு அந்த எல்லை கிடையாது. அங்கே விபத்து என்று ஒன்று நடந்தால், இங்கே சட்டியில் கொதிக்கும் மீன் என்ன ஆகும்?

கடல் பெரியது, எல்லாவற்றையும் கரைத்துவிடும் என்கிறார்கள் ஒரு சாரார். கடலே செத்துப்போகும் என்கிறார்கள் மறு சாரார். இரண்டுமே பாதி உண்மைதான். மீதிப் பாதியை ஜப்பான் அனுபவித்துக் கற்றது.

2011 மார்ச் 11 நிலநடுக்கமும் சுனாமியும் ஃபுகுஷிமாவில் மூன்று அணு உலைகளை உருக வைத்தன. வெளியேறிய கதிரியக்கத்தின் பெரும்பகுதி பசிபிக்கில்தான் விழுந்தது. விபத்துக்கு முன் அந்தக் கடலில் ஒரு கன மீட்டர் நீரில் சீசியம்-137 ஓரிரண்டு பெக்குரல் அளவில் இருந்தது. (ஒரு நொடியில் ஓர் அணு சிதைந்தால் அது ஒரு பெக்குரல்.) ஏப்ரல் தொடக்கத்தில் உலையின் வடிகால் வாயில் அது 6.8 கோடியைத் தொட்டது. ஒரே மாதத்தில் ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைந்தது. குரோஷியோ என்ற வலிமையான நீரோட்டம் அதை வாரிக்கொண்டு போனது. நான்கு ஆண்டு கழித்து கனடா கரையில் தென்பட்டபோது, நுட்பமான கருவி மட்டுமே கண்டுபிடிக்கக்கூடிய அளவுதான் மிச்சம். கரைக்கும் வேலையைக் கடல் ஒழுங்காகவே செய்தது.

ஆனால் எல்லாம் கரையவில்லை. சீசியத்தில் ஒரு சிறு பங்கு களிமண் துகள்களில் ஒட்டிக்கொண்டு உலைக்கு அருகே கடலடியில் படிந்தது. சேற்றைப் புழு தின்றது, புழுவை மீன் தின்றது. மேல்நீரில் ஓடித் திரியும் மீன்கள் சுத்தமான தண்ணீருக்கு வந்ததும் சில வாரங்களில், மாதங்களில் சீசியத்தைக் கழித்துவிட்டன. அடிமட்டத்தில் வாழும் மீன்களுக்கு அந்த வசதி இல்லை. 2012 ஆகஸ்டில் பிடிபட்ட அடிமட்ட மீன் ஒன்றில் கிலோவுக்கு 25,800 பெக்குரல் இருந்தது. ஜப்பானின் அனுமதி வரம்பு 100. சீசியம்-137இன் அரை ஆயுள் 30 ஆண்டு என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இந்தக் கரைக் கணக்கில் சொன்னால், சாளையும் அயிலையும் சீக்கிரம் தப்பும். நாக்கு மீனும் திருக்கையும் மாட்டிக்கொள்ளும். 

கதிரியக்கம் கடலுக்குப் புதிதல்ல. விபத்தே நடக்காத கடலிலும் ஒரு லிட்டர் நீரில் இயற்கையான பொட்டாசியம்-40 சுமார் 12 பெக்குரல் உண்டு. சவரா, மணவாளக்குறிச்சி கடற்கரை மணலில் தோரியம் கிடக்கிறது. ஆகவே 'இருக்கிறதா' என்ற கேள்விக்குப் பயனில்லை. எது, எவ்வளவு, எந்த மீனில் என்று கேட்க வேண்டும். அதற்குப் பதில் இல்லாத இடத்தில் வதந்தி வந்து உட்கார்ந்துகொள்கிறது.

அதன் விலையைக் கேரளம் அண்மையில் பார்த்தது. 2025 மே 25இல் கொச்சிக்கு அப்பால் எம்.எஸ்.சி. எல்சா 3 சரக்குக் கப்பல் மூழ்கியது. 640 கன்டெய்னர்களில் 13இல் அபாயகரமான சரக்கு. பிளாஸ்டிக் குருணைகள் திருவனந்தபுரம் கடற்கரை வரை ஒதுங்கின. கதிரியக்கத்துக்குச் சம்பந்தமே இல்லாத விபத்து. ஆனாலும் மீன் சாப்பிடலாமா என்ற சந்தேகத்தில் வியாபாரம் படுத்தது. நஷ்டம் கப்பல்காரனுக்கு முன்பே மீன்காரிக்கு வந்து சேர்ந்தது.

ஃபுகுஷிமா மீனவர்கள் இதற்கு ஒரு வழி கண்டார்கள். அரசின் வரம்பு 100 என்றால், அவர்களுடைய கூட்டுறவு அமைப்பு தனக்கு 50 என்று வைத்துக்கொண்டது. பிடித்த மீனைக் கரையிலேயே சோதித்து, வரம்பு தாண்டிய இனத்தை நிறுத்தி வைத்தது. 2012இல் சோதனை முறையில் தொடங்கிய மீன்பிடிப்பு 2021 வரை அப்படியே நடந்தது. அரசு சொன்னதை நம்பாத வாடிக்கையாளர்கூட மீனவர் காட்டிய எண்ணைப் பார்த்தார்.

இந்தியக் கரையில் அப்படியொரு விபத்து நடந்ததில்லை. 2004 சுனாமியில் கல்பாக்கத்தின் பம்பு அறைக்குள் கடல் புகுந்தபோதும் உலை பாதுகாப்பாக நின்றது. ஆனால் தென்முனைக் கடலின் குணம் பருவத்துக்குப் பருவம் மாறும். தென்மேற்குப் பருவத்தில் கேரளக் கரையோர நீரோட்டம் தெற்கே இறங்கி இலங்கைப் பக்கம் போகிறது. நவம்பர் முதல் பிப்ரவரி வரை வங்கக் கடல் நீர் குமரிமுனையைச் சுற்றிக் கேரளம் நோக்கி வருகிறது. கூடங்குளத்தில் ஜூனில் கசிந்தால் கவலை மன்னார் வளைகுடாவுக்கு. டிசம்பரில் கசிந்தால் விழிஞ்ஞத்துக்கு. கண்காணிப்பு ஒரு மாநிலத்தோடு நின்றால் போதாது.

அளவீடு நடக்காமல் இல்லை. ஒவ்வொரு அணுமின் நிலையத்தருகிலும் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் சுற்றுச்சூழல் ஆய்வகம் நீரையும் மீனையும் சோதிக்கிறது. முடிவுகள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் ஆண்டறிக்கைகளாக வருகின்றன. இடிந்தகரையில் வலை பின்னுகிறவருக்கும் விழிஞ்ஞத்தில் ஏலம் எடுக்கும் பெண்ணுக்கும் அவற்றால் என்ன பயன்? எந்த மீனில் எத்தனை பெக்குரல் என்ற பட்டியலைத் தமிழிலும் மலையாளத்திலும் மாதந்தோறும் ஏலக்கூடச் சுவரில் ஒட்டலாம். பெரிய செலவில்லை. விபத்து நடந்த மறுநாள் ஒட்டும் பட்டியலை யாரும் நம்பமாட்டார்கள். அமைதிக் காலத்தில் பத்து வருடம் பார்த்துப் பழகிய பட்டியலைத்தான் நம்புவார்கள்.