ஆபரேஷன் செய்து எடுத்த கட்டி மறுபடியும் வருவது ஏன்? அரிய தோல் புற்றுநோய் டிஎஃப்எஸ்பி: ஒரு விளக்கம்

தோள்பட்டையில் காசு அளவுக்கு ஒரு தடிப்பு. வலி கிடையாது. பழைய தழும்பு, இல்லேன்னா கொழுப்புக் கட்டி என்று வருடக்கணக்கில் விட்டுவிடுவோம். பிறகு சின்ன ஆபரேஷனில் எடுத்துவிட்டு நிம்மதியாக இருந்தால், சில வருடங்களில் அதே தழும்பின் ஓரத்தில் இன்னொரு முடிச்சு!

டெர்மட்டோஃபைப்ரோசார்கோமா புரோட்டுபெரன்ஸ், சுருக்கமாக டிஎஃப்எஸ்பி, பலருக்கும் இப்படித்தான் தெரியவருகிறது. அமெரிக்காவில் ஆண்டுக்கு 10 லட்சம் பேரில் சுமார் 4 பேருக்கே வருகிற அரிய நோய் இது. மற்ற உறுப்புகளுக்குப் பரவுவதும் 5 சதவிகிதத்துக்குக் குறைவு. அப்புறம் ஏன் டாக்டர்கள் இதை லேசாக எடுத்துக்கொள்வதில்லை?

வெளியே தெரிவது கட்டியின் ஒரு பகுதிதான். மேலே பிடுங்கிய அருகம்புல்லின் வேர் மண்ணுக்குள் ஓடிக்கிடப்பது போல, இதன் செல்கள் தோலுக்கு அடியில் கொழுப்பு அடுக்குக்குள் நீண்டிருக்கும். அதுவும் ஒரு பக்கம் குறைவாக, இன்னொரு பக்கம் அதிகமாக. கண்ணுக்குத் தெரிந்ததை மட்டும் எடுத்தால் மிச்சம் அங்கேயே வளரும்.

அதனால்தான் கட்டியைச் சுற்றி 2 முதல் 4 செ.மீ. வரை நல்ல தோலையும், அடியில் தசையை மூடியிருக்கும் உறையையும் சேர்த்தே வெட்டுகிறார்கள். முதுகு என்றால் சரி. முகத்தில் 4 செ.மீ.க்கு எங்கே போவது? அங்கேதான் மோஸ் அறுவை சிகிச்சை உதவுகிறது. 1930களில் அமெரிக்க மருத்துவர் ஃபிரெடெரிக் மோஸ் உருவாக்கியது. ஒவ்வொரு அடுக்காக எடுத்து, அதன் ஓரம் முழுவதையும் மைக்ரோஸ்கோப்பில் பார்த்து, செல்கள் மிச்சமிருக்கும் இடத்தில் மட்டும் மேலும் வெட்டுவார்கள். இதில் கட்டி திரும்புவது பெரும்பாலான ஆய்வுகளில் ஓரிரு சதவிகிதம்தான். ஆனால் இந்த வசதி எல்லா மருத்துவமனைகளிலும் இல்லை.

அறுவை சிகிச்சையே செய்ய முடியாதவர்களுக்கு இமாட்டினிப் மாத்திரை இருக்கிறது. ரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் அதே மருந்துதான். அமெரிக்காவில் 2006-ல் இதற்கும் அனுமதி கிடைத்தது.

பலரும் கவனிக்காத ஒன்று, பயாப்சி ரிப்போர்ட். வெட்டிய ஓரங்களில் புற்றுச் செல்கள் இல்லை என்று அதில் இருக்கிறதா என டாக்டரிடம் கேளுங்கள். அது உறுதியாகும் முன், பக்கத்துத் தோலை நகர்த்தி காயத்தை மூடும் பிளாஸ்டிக் சர்ஜரியில் அவசரம் கூடாது. மிச்சமிருக்கும் செல்களைப் பிறகு தேடுவது கஷ்டம். ஓரம் சுத்தமாக இல்லையென்றால், கட்டி திரும்பட்டும் என்று காத்திருக்காமல் முடிந்தவரை உடனே மறுபடி வெட்டுகிறார்கள். திரும்புவது பெரும்பாலும் முதல் 3 ஆண்டுகளுக்குள் நடக்கும். அதற்குப் பிறகும் வரலாம் என்பதால் 6 முதல் 12 மாதங்களுக்கு ஒருமுறை தழும்பைத் தொட்டுப் பார்த்துப் பரிசோதிக்கிறார்கள்.