‘டென்ஷன் ஆகாதீர்கள்’ என்பது மருந்தாகுமா?

புறநோயாளிகள் பிரிவில் ஒரே நாளில் பலமுறை காதில் விழும் வாக்கியம் ஒன்று உண்டு. “டாக்டர், இவருக்கு வேறு ஒன்றுமில்லை, எதற்கெடுத்தாலும் டென்ஷன். நீங்களாவது சொல்லுங்கள்.” சொல்பவர் பெரும்பாலும் மனைவியாகவோ மகளாகவோ இருப்பார். வெளியே காத்திருக்கும் வரிசையை நினைத்துக்கொண்டு நாங்களும், “டென்ஷன் ஆகாதீர்கள் ஐயா” என்று சொல்லி அனுப்பிவிடுகிறோம். அந்த அறிவுரையால் எவருடைய இரத்த அழுத்தமும் குறைந்ததாக எனக்கு நினைவில்லை.

திருப்பூர்ப் பின்னலாடை நிறுவனம் ஒன்றில் தையல் பிரிவு மேற்பார்வையாளராக உள்ள ஒருவர் எங்களிடம் சிகிச்சை பெறுகிறார். வயது ஐம்பதை நெருங்குகிறது. எப்போதும் விடுமுறை நாளில்தான் பரிசோதனைக்கு வருவார். இங்கே 130/82 என்று இருக்கும். “மாத்திரையைக் குறைத்துவிடலாமா?” என்று கேட்பார். சரக்கு கப்பலேற வேண்டிய ஒரு வாரத்தில், நிறுவனத்தின் முதலுதவி அறையில் தற்செயலாக அளந்தபோது 164/102 இருந்திருக்கிறது. கருவி பழுது என்றே அவர் எண்ணினார். ஒரு வாரம் வீட்டிலும் பணியிடத்திலும் அளந்து குறித்துவரச் சொன்னேன். கருவியில் பழுதில்லை. வேலை நாள்களில் அழுத்தம் தொடர்ந்து உயர்ந்தே இருந்தது. நாங்கள்தான் ஓய்வு நாளின் அளவை மட்டும் பார்த்து ஆறுதல் அடைந்திருந்தோம். மருத்துவமனையில் இயல்பாகவும் வெளியே உயர்ந்தும் காணப்படும் இந்நிலையை ‘மறைந்திருக்கும் உயர் இரத்த அழுத்தம்’ என்கிறோம்.

நெருக்கடி வரும்போது அட்ரினலின் சுரப்பதும், இதயம் விரைந்து துடிப்பதும், இரத்தக் குழாய்கள் சுருங்குவதும், அழுத்தம் ஏறுவதும் உடலின் இயற்கை. நெருக்கடி நீங்கியதும் அழுத்தம் இறங்கிவிட்டால் கேடில்லை. உறக்கத்தில் அது பகலைவிட 10 முதல் 20 விழுக்காடு வரை குறைய வேண்டும்; இதயத்துக்கு அதுவே ஓய்வு. ஏறிய அழுத்தம் நாள்தோறும் இறங்காமல், உறக்கமும் குறைந்துபோனால், குழாய்ச் சுவர்கள் இறுகுகின்றன. இதயத் தசை தடிக்கிறது. கூடவே வேலை நெருக்கடி தன் துணைகளையும் அழைத்துவருகிறது: நேரம் தவறிய உணவு, உப்பு மிகுந்த தின்பண்டங்கள், புகை, மறந்துபோன மாத்திரை.

இதயநோய் பெரிய பதவியில் இருப்போரின் நோய் என்ற எண்ணம் நம்மிடையே இன்னும் இருக்கிறது. பிரித்தானிய அரசு ஊழியரிடையே 1967-இல் தொடங்கிய ‘வைட்ஹால்’ ஆய்வு இதற்கு நேர்மாறானதைக் காட்டியது. உயர்பதவியினரைவிடக் கடைநிலை ஊழியரிடையே இதயநோய் மரணம் ஏறத்தாழ மூன்று மடங்கு. புகைப்பழக்கம், கொழுப்பு முதலியவற்றைக் கணக்கில் கொண்ட பிறகும் அந்த இடைவெளி முழுவதும் மறையவில்லை. பொறுப்பு மிகுதியாகவும், முடிவெடுக்கும் உரிமை குறைவாகவும் உள்ள வேலையே இதயத்தை மிகுதியும் வருத்துகிறது என்பது அடுத்தடுத்த ஆய்வுகள் சுட்டிய கருத்து. நம் மேற்பார்வையாளரின் நிலையும் அதுவே. கப்பலேறும் தேதியை அவர் முடிவு செய்வதில்லை. துணி தாமதமாக வந்தாலும், தையலர் நால்வர் வராவிட்டாலும், பதில் சொல்ல வேண்டியவர் அவர்.

வேலை நேரத்துக்கும் இதில் பங்குண்டு. உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, வாரம் 35–40 மணி நேரம் உழைப்போரைவிட 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்போருக்குப் பக்கவாத அபாயம் 35 விழுக்காடும், இதயக் குழாய் அடைப்பு நோயால் இறக்கும் அபாயம் 17 விழுக்காடும் கூடுதல்.

ஆகவே, மன அழுத்தத்தை நோயாளியின் குணக்குறையாகக் காண்பது தவறு என்பதே என் கருத்து. ‘கோபக்காரர், பதற்றக்காரர்’ என்று பெயர் சூட்டும்போது, அவரது நோய்க்கான பழியையும் அவர் மீதே சுமத்துகிறோம். உப்பைப் பற்றி விசாரிக்கும் மருத்துவர், எத்தனை மணி நேர வேலை, எந்த ஷிப்ட், எப்போது உணவு, எத்தனை மணி உறக்கம் என்றும் விசாரிக்க வேண்டும். கேட்க மறந்தால் நீங்களே சொல்லுங்கள்.

நிறுவனங்களுக்கும் இதில் கடமை உண்டு. கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-இல் சட்டம் திருத்தப்பட்டது. நாள் முழுவதும் நின்றவருக்கு ஓர் இருக்கை கிடைக்கவே சட்டம் தேவைப்பட்டது என்றால், உணவு இடைவேளையையும் உறங்கும் நேரத்தையும் காத்துத்தருமாறு கேட்பது மிகையாகாது.

அதே வேளையில், “வேலை டென்ஷன்தான் காரணம், விடுப்பு எடுத்தால் சரியாகிவிடும்” என்று மாத்திரையை நிறுத்துவது ஆபத்தானது. அந்த மேற்பார்வையாளருக்கு மாத்திரை குறையவில்லை, ஒன்று கூடியது. பிறகு அவர் நிறுவனத்திடம் பேசி, கப்பலேற்றும் வாரங்களில் இரவுப் பொறுப்பை மற்றொரு மேற்பார்வையாளருடன் மாறி மாறிப் பகிர்ந்துகொண்டார். இரண்டும் சேர்ந்தே அழுத்தத்தைக் கட்டுக்குள் கொணர்ந்தன.

குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த பரிசோதனைக்கு முன் ஒரு வாரம் காலையும் மாலையும் அழுத்தத்தை அளந்து, வேலை நாளா விடுமுறை நாளா என்பதையும் சேர்த்து எழுதிவாருங்கள். அளப்பதற்கு முந்தைய அரைமணி நேரத்தில் தேநீரும் புகையும் வேண்டாம். ஐந்து நிமிடம் அமைதியாகச் சாய்ந்து அமர்ந்து, கையை இதய மட்டத்தில் வைத்து, ஒரு நிமிட இடைவெளியில் இருமுறை அளக்க வேண்டும். நெஞ்சில் இறுக்கம், இடக்கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குளிர் வியர்வை, மூச்சுத்திணறல், முகம் கோணுதல், பேச்சுக் குழறுதல் ஆகியவற்றுள் எது தோன்றினாலும், “வாயுவாக இருக்கும், டென்ஷனாக இருக்கும்” என்று காத்திராமல் உடனே 108-ஐ அழையுங்கள்.

“டென்ஷன் ஆகாதே” என்று வீட்டில் சொல்ல வாயெடுக்கும்போது, “இன்று வேலையில் என்ன நடந்தது?” என்று கேட்டுப் பாருங்கள். அதற்குக் கிடைக்கும் பதிலை எங்களிடமும் கொண்டுவாருங்கள். சிகிச்சைக்கு அது பயன்படும்.