நூலகச் செய்தி நெய்வேலிக்கு வராதா?

சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழக நூலகத்துக்கு என்ன புதுப் புத்தகம் வந்திருக்கிறது? நெய்வேலி பஸ் நிலையத்தில் பத்துப் பேரைக் கேட்டுப் பாருங்கள். தெரிந்தவர் ஒருத்தர் கிடைத்தால் அதிசயம்!

தூரமா என்ன? வடலூர், சேத்தியாத்தோப்பு, புவனகிரி தாண்டினால் சிதம்பரம்.

ராஜா சர் அண்ணாமலை செட்டியார் 1929-ல் தொடங்கிய பல்கலைக்கழகம் அது. 2013-ல் அரசு தனிச்சட்டம் போட்டு தன் கையில் எடுத்தது. அப்புறம் அங்கே போவது நம் வரிப்பணமும்தானே?

பரங்கிப்பேட்டையில், வெள்ளாறு கடலில் சேருமிடத்தில், அதே பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. அங்கே சேர்த்து வைத்திருக்கும் மீன், நண்டு, சங்கு வகைகளை, சுரங்க மண்மேட்டையே பார்த்து வளர்ந்த நம்ம பிள்ளைகள் பார்த்தால் வீட்டுக்கு வர மாட்டார்கள்!

நெய்வேலியில் படிக்க ஆள் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 1998-ல் நிலக்கரி நிறுவனம் தொடங்கிய புத்தகக் கண்காட்சியின் கூட்டமே சாட்சி. ஆனால் அது சில நாள் திருவிழா. பந்தல் பிரித்த பிறகு, போட்டித் தேர்வுக்குப் படிக்கும் ஒப்பந்தத் தொழிலாளி மகன் எங்கே போவான்? கடையில் விலையைக் கேட்டாலே தலை சுற்றுது.

சென்னையில் 2010-ல் அண்ணா நூற்றாண்டு நூலகம், மதுரையில் 2023-ல் கலைஞர் நூற்றாண்டு நூலகம். யாரும் உள்ளே போய்ப் படிக்கலாம். கடலூர் மாவட்டத்துக்காரன் மட்டும் என்ன பாவம் செய்தான்?

மாதம் ஒரு தாள் போதும். புதிதாக வந்த புத்தகங்கள், மியூசியம் பார்க்கும் நேரம், வெளியாள் உள்ளே வர என்ன சீட்டு வேண்டும் என்பதைத் தமிழில் அச்சடித்து பஸ் நிலையத்தில் ஒட்டட்டும். நைட் ஷிப்ட் முடித்து வருகிறவர் கண்ணில் படுகிற இடமாகப் பார்த்து!