உறையின் பின்புறம்



2024ஆம் ஆண்டில் என் இரத்தத்தில் சர்க்கரை ஏறியிருப்பதாக மருத்துவர் கூறியபோது, மும்பையில் நம்மவர் பலரும் செய்வதையே நானும் செய்தேன். காலையில் தேநீரோடு உண்டுவந்த பாவை விடுத்து, கடையில் பழுப்பு நிற ரொட்டி வாங்கத் தொடங்கினேன். ஏதோ பெரிய தியாகம் செய்துவிட்டதாக உள்ளூர ஒரு திருப்தி வேறு! மூன்று மாதம் கழித்துச் சோதித்தபோது அளவு சற்றும் குறையவில்லை.

என் மனைவிதான் கண்ணாடியை அணிந்துகொண்டு உறையின் பின்புறத்தை வாசித்தார். பட்டியலில் முதலாவது நின்றது மைதா; நிறத்திற்குக் கேரமல். எடையில் எது மிகுதியோ அதுவே முதலில் எழுதப்பட வேண்டும் என்பது நம் நாட்டு விதி. 'ரிஃபைண்ட் வீட் ஃப்ளோர்' என்றிருந்தால் அதுவும் மைதாவே. வசனத்தின் ஒவ்வொரு சொல்லையும் ஆராய்ந்து வாசிக்கக் கற்ற நான், தினந்தோறும் கையிலெடுத்த உறையை வாசிக்கவில்லை.

அன்று தொடங்கிற்று எங்கள் சமையலறைப் பரிசோதனை. தெருமுனைச் சக்கியில் அரைத்த ஆட்டாவை வாங்கி, மைதாவுக்கென்று எழுதப்பட்ட குறிப்பின்படியே முதல் ரொட்டியைச் செய்தோம். செங்கல் வந்தது. "இதைச் சுவருக்கு வைக்கலாமே, அப்பா" என்றான் மகன்.

காரணம் பிறகு புரிந்தது. கோதுமை மணியில் தவிடு, முளை, வெண்பகுதி என மூன்று உண்டு. மைதா வெண்பகுதி மட்டுமே. முழுமாவிலுள்ள தவிடு நீரை மெதுவாகவும் மிகுதியாகவும் உறிஞ்சும். ஊறாத தவிட்டின் கூர்மை, மாவைத் தாங்கும் குளூட்டன் இழைகளை அறுத்துவிடும். ஆகவே தண்ணீரும் அதிகம் வேண்டும், பொறுமையும் அதிகம் வேண்டும்.

நான்காம் முறை கைகூடிய அளவைத் தருகிறேன். ஆட்டா 300 கிராம், வெதுவெதுப்பான நீர் 240 மில்லி. இவ்விரண்டையும் கலந்து அரைமணி நேரம் மூடி வையுங்கள்; இதை விட்டுவிடாதிருங்கள். பின்பு இன்ஸ்டன்ட் ஈஸ்ட் ஒரு தேக்கரண்டி, உப்பு ஒரு தேக்கரண்டி, எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி சேர்த்துப் பத்து நிமிடம் பிசையுங்கள். கையில் ஒட்டும், ஒட்டட்டும், மேலும் மாவு தூவாதிருங்கள். இருமடங்கு உப்பியதும் உருட்டி, எண்ணெய் தடவிய பாத்திரத்தில் வைத்து, மறுபடியும் எழும்பியபின் 200 டிகிரி வெப்பத்தில் 35 முதல் 40 நிமிடம் சுடுங்கள். அடியில் தட்டினால் வெற்றொலி கேட்க வேண்டும். மும்பை வெயிலில் மாவு விரைவாக எழும்பும். கடிகாரத்தை அல்ல, மாவைப் பாருங்கள்.

ஓவன் இல்லையே என்கிறீர்களா? ஒற்றை அறையில் குடியிருப்போர் பலருக்கும் அது இராது. கனமான குக்கரின் அடியில் உப்பைப் பரப்பி, ரப்பர் வளையத்தையும் வெயிட்டையும் கட்டாயம் நீக்கி, சூடேறியபின் ரொட்டிப் பாத்திரத்தை உள்ளே ஒரு தாங்கியின்மேல் வைத்து, சிறுதீயில் சுடலாம். மேற்புறம் அவ்வளவாகச் சிவக்காது, அவ்வளவே குறை.

சிறுதானிய ஆண்டாகிய 2023இல் வாங்கிப் பழகிய கேழ்வரகையும் விடுவானேன் என்று பாதிக்குப் பாதி கலந்தேன். கேழ்வரகில் குளூட்டன் இல்லை. ரொட்டி பொலபொலவென்று உதிர்ந்தது. 300 கிராமில் 50 கிராம் மட்டும் கேழ்வரகாயிருந்தால் நன்றாய் வரும்.

முளையிலுள்ள எண்ணெயினால் முழுமாவு விரைவில் காறிப்போகும். இரண்டு வாரத்திற்குரியதை மட்டும் அரைத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் இந்த ரொட்டியும் சீக்கிரத்தில் பூஞ்சணம் பூக்கும். துண்டாக்கி ஃப்ரீசரில் வையுங்கள்.

சர்க்கரை நோயுள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. முழுக்கோதுமையும் மாவுச்சத்துதான், அளவின்றி உண்டால் சர்க்கரை ஏறத்தான் செய்யும். இரண்டு துண்டோடு முட்டையோ சுண்டலோ வைத்துக்கொள்கிறேன். இதை நம்பி மாத்திரையை நிறுத்தாதிருங்கள். அனுதினமும் ஜெபிக்கிற நானும் மாத்திரை உட்கொள்ளுகிறேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

என் மகனுக்கு இன்னமும் பாவ்தான் பிரியம். ஆயினும் சனிக்கிழமை ரொட்டி வெந்து இறங்கும்போது, மொறுமொறுப்பான ஓரத்துண்டு தனக்கே என்று முதலில் வந்து நிற்கிறவன் அவனே.